எழுந்திருப்பேனா?

காலையில் எழ, உட்கார்ந்து படிக்க, வாயைக் கட்ட, நடக்க, ஓட என்று அன்றாடக் காரியங்களுக்கு நம்மை நாமே எப்படிப் பேசிக் கிளப்புவது? இதைக் கேட்டு வந்த கடிதங்களுக்கே இந்த வாரம் முழு இடமும்.

கேள்வி: ‘நாளைக் காலை 5 மணிக்குக் கண்டிப்பாக எழுந்து நடக்கப் போவேன்’ என்று தினமும் பத்துத் தடவை சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன். இந்த மாதத்தில் எழுந்தது மூன்றே நாள். – வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: பத்துத் தடவை சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: ‘எழுந்திருப்பேனா?’ தமிழில் ஓர் ‘ஆ’தான் கூடுகிறது. ஆனால் அந்த ‘ஆ’ வேலை செய்கிறது. 2010இல் இப்ராஹிம் செனாய், டொலோரஸ் அல்பராசின், கென்ஜி நொகுச்சி என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். ‘செய்வேன்’ என்று எழுதியவர்களைவிட ‘செய்வேனா’ என்று திரும்பத் திரும்ப எழுதியவர்கள், எழுத்து மாறிய சொற்களைச் சரிசெய்யும் புதிரில் அதிகம் விடை கண்டார்கள். சின்ன ஆய்வுதான், வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காரணம் எனக்குப் புரிகிறது. ‘எழுவேன்’ என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. ‘எழுவேனா?’ என்றால் உள்ளே ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். ‘நேத்து ஏன் எழலை? பதினொன்றரை வரைக்கும் போன் பார்த்தேன். ஷூ மாடியில கிடக்கு. மழை வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கலை.’ பாருங்கள், தடை என்னவென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அடுத்த படி, அந்தத் தடைக்கு ஒரு ‘ஆல்’ போடுவது. ‘அலாரம் அடித்தால் ஹாலுக்குப் போய் அணைப்பேன். ஹாலுக்குப் போனால் முகம் கழுவுவேன். மழை பெய்தால் வராண்டாவில் இருபது நிமிடம் நடப்பேன்.’ பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். அந்த அதிகாலைத் தூக்கக் கலக்கத்தில் யோசிக்க வேண்டிய பாரம் உங்களுக்கு இல்லை. ராத்திரியே யோசித்தாகிவிட்டது. இன்றைக்கே ஷூவைக் கட்டிலுக்குக் கீழே கொண்டுவந்து வையுங்கள்.

கேள்வி: தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். – மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: கடையில் சிட்டையைப் பார்த்து ‘துவரம்பருப்பு ரெண்டு, உளுந்து ஒண்ணு, புளி அரை’ என்று முணுமுணுத்தபடிதானே சாமான் கட்டுகிறீர்கள்? அங்கே யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. பேசுவது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்வரை கவலை வேண்டாம். வேறு யாரோ வெளியிலிருந்து பேசுவதுபோல் கேட்டால், அந்தக் குரல் மிரட்டினால், கட்டளையிட்டால், அது வேறு விஷயம். நாள் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. வாய்விட்டுப் பேசிக்கொண்டேதான் கணக்குப் போடுகிறான். ‘மனசுக்குள்ள போடு’ என்று அடக்கலாமா? – ஒரு தாய், காரைக்குடி

பதில்: அடக்காதீர்கள் அம்மா. காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘ஏழுலேர்ந்து ஒம்பது போகாது. பக்கத்துல கடன் வாங்கு. பதினேழுலேர்ந்து ஒம்பது போனா எட்டு.’ அந்தக் குரலில் பாதி அவனுடையது, பாதி அவன் டீச்சருடையது. கவனித்தால் டீச்சரின் ராகம்கூட அப்படியே இருக்கும்.

இதை ஆராய்ந்தவர் ரஷ்யரான லெவ் வைகாட்ஸ்கி. 37 வயதில், 1934இல், காசநோயில் போய்விட்டார். அவருடைய ‘சிந்தனையும் மொழியும்’ அந்த ஆண்டுதான் வெளிவந்தது. குழந்தையின் இந்தத் தனிப் பேச்சு வளர வளர உதிர்ந்துவிடும் என்று சுவிட்சர்லாந்தின் பியாஜே சொல்லிக்கொண்டிருந்த காலம். வைகாட்ஸ்கி, உதிரவில்லை, உள்ளே போகிறது என்றார். படம் வரைகிற குழந்தைக்கு வேண்டிய கலர் பென்சில் மட்டும் இல்லாதபடி செய்து பார்த்தார். உடனே பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. வேலை முட்டிக்கொண்டு நிற்கும்போது குழந்தை தன்னையே துணைக்குக் கூப்பிடுகிறது. பெரியவர் சொன்னதைக் குழந்தை சத்தமாகச் சொல்லும், பிறகு முணுமுணுக்கும், பிறகு சத்தமில்லாமல் நினைக்கும். 1971இல் டொனால்ட் மெய்க்கன்பாம், ஜோசப் குட்மன் இருவரும் அவசரப்படுகிற குழந்தைகளை நிதானப்படுத்த இதே வரிசையில் பயிற்சி கொடுத்தார்கள்.

இதில் என்னை உலுக்குவது வேறொன்று. நீங்கள் இன்று அவனிடம் பேசுகிற பேச்சுதான் முப்பது வயதில் அவன் தன்னிடம் பேசப்போகிற பேச்சு. ‘உனக்கெல்லாம் எங்க வரப்போகுது’ என்பதும் அப்படியே உள்ளே போகும். ‘இரு, எந்த இடத்துல சிக்குச்சுன்னு பார்ப்போம்’ என்பதும் போகும். தயவுசெய்து இரண்டாவதைக் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: கண்ணாடி முன்னால் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று நூறு முறை சொல்லச் சொல்கிறது ஒரு வீடியோ. சொல்லச் சொல்ல அழுகைதான் வருகிறது. – கல்லூரி மாணவர், சேலம்

பதில்: நிறுத்திவிடுங்கள் தம்பி. உங்களிடம் குறை ஒன்றுமில்லை, அந்த வாக்கியம்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு நூறு வயது. பிரான்ஸில் நான்சி என்ற ஊரில் எமில் கூவே என்ற மருந்தாளர், நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் தேறி வருகிறேன் என்று காலையும் இரவும் சொல்லிக்கொள்ளச் சொன்னார். 1920களில் உலகமே சொன்னது. பலருக்குத் தெம்பாகவும் இருந்திருக்கும். ஆனால் 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் கூட்டாளிகளும் ‘நான் நேசிக்கத் தகுந்த ஆள்’ என்ற வாக்கியத்தைச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ சொல்லாமல் இருந்ததைவிட மோசமானது. மருந்து யாருக்குத் தேவையோ அவரையே அது கடித்தது. காரணம், நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் உள்ளே உடனே எதிர்வாதம் கிளம்புகிறது. ‘வெற்றியாளனா? போன செமஸ்டர் அரியர் எத்தனை?’

உள்ளே யாரும் மறுக்க முடியாத வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘நேத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ரெண்டாவது யூனிட்ல பாதி புரிஞ்சுது.’ சின்னதுதான், ஆனால் உண்மை. அதன்மேல் ஏறி நிற்கலாம்.

கேள்வி: என்னை நானே கண்டபடி திட்டிக்கொண்டால்தான் எனக்கு வேலை ஓடுகிறது. – சுயதொழில் செய்பவர், திருப்பூர்

பதில்: ஓடுகிறதா, ஓடி ஒளிகிறதா? கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களைக் கவனித்தார்கள், 2010இல் வெளியான ஆய்வு. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தன்னை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. திட்டுகிறவர் முகத்தில் விழிக்க யாருக்குத்தான் பிடிக்கும்? அந்த வேலையைத் தொட்டாலே திட்டு விழும் என்றால் மனசு அந்தப் பக்கமே போகாது. ‘சோம்பேறி’ என்பதை விட்டுவிட்டு ‘அந்த பில்லை முந்தாநாளே அனுப்பியிருக்கணும், இப்போ அனுப்பிடு’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். குற்றம் வேலைமேல் இருக்கட்டும், ஆள்மேல் வேண்டாம்.

கேள்வி: தனக்குத்தானே பேசும்போது ‘நான்’ என்று சொல்வதா, ‘நீ’ என்பதா? – தமிழாசிரியை, தஞ்சாவூர்

பதில்: தமிழாசிரியை கேட்கிறீர்கள், உங்களிடமே விடை இருக்கிறது. குறளில் 125ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு கிளத்தல்’, 130ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு புலத்தல்’. இருபது குறள்களில் பெரும்பாலானவை, சொந்த நெஞ்சை எதிரில் உட்காரவைத்துப் பேசுகிறவளின் பேச்சு. முதலதில் யோசனை கேட்கிறாள், அடுத்ததில் சண்டையே போடுகிறாள். அகநானூற்றின் பாலைப் பாட்டுகளில், பொருள் தேடப் போகலாம் வா என்று இழுக்கிற நெஞ்சிடம் தலைவன் வழியின் வெயிலையும் வீட்டில் இருக்கிறவளையும் எடுத்துச் சொல்லி வாதாடுகிறான். உமாபதி சிவம் நெஞ்சையே தூது அனுப்பினார். வள்ளலார் ‘நெஞ்சறிவுறுத்தல்’ என்றே ஒரு நீண்ட பாடல் எழுதினார். நம் ஆட்களுக்கு நெஞ்சு எப்போதுமே ‘நீ’தான்.

2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. திடீரென்று மேடையில் பேசச் சொல்லி, தயாராகும் கொஞ்ச நேரத்தில் ஒரு பகுதியினரை ‘நான் ஏன் பயப்படுகிறேன்’ என்றும், மற்றவர்களைத் தன் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ யோசிக்கச் சொன்னார்கள். பெயர் சொல்லிப் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள், பிறகு தன்னைப் போட்டு வருத்திக்கொண்டதும் குறைவு. ஓரடி தள்ளி நின்றால் அடுத்தவர் சிக்கலைப் பார்க்கிற தெளிவு தன் சிக்கலிலும் வந்துவிடுகிறது.

எங்கள் ஆச்சி முட்டிவலியோடு மாடிப்படி ஏறும்போது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வாள். பெயருக்குப் பின்னால் ஒரு ‘கண்ணு’ வேறு. ‘இன்னும் நாலு படிதான் கண்ணு. கைப்பிடியைப் பிடிச்சுக்க. ஆங், அவ்வளவுதான்.’ பத்து வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது, எழுதுகிற தாள் வெறுமையாகக் கிடக்கும் காலையில், நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறேன். ‘கண்ணு’வையும் விடுவதில்லை.

கேள்வி: சாவியைத் தேடும்போது ‘சாவி, சாவி’ என்று முணுமுணுக்கிறேன். பயன் உண்டா? – ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பதில்: உண்டு. கேரி லுப்யான், டேனியல் ஸ்விங்லி 2012இல் சோதித்தார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டே தேடினால், அதன் தோற்றம் நன்றாகத் தெரிந்திருக்கும் பட்சத்தில், சீக்கிரம் கண்ணில் படுகிறது. உங்கள் சாவிக்கொத்தில் சிவப்புக் கயிறு இருந்தால் ‘சிவப்புக் கயிறு’ என்றே முணுமுணுத்துப் பாருங்கள்.

கேள்வி: பஸ் ஏறிய பிறகுதான் கேஸை மூடினேனா என்ற சந்தேகம். பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். – பள்ளி அலுவலகப் பணியாளர், நாகர்கோவில்

பதில்: என் அம்மா ஊருக்குக் கிளம்பினால் வீட்டுக்குள் ஓர் ஊர்வலம் நடக்கும். சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொட்டு, ‘கேஸ் மூடியாச்சு.’ சுவிட்சைத் தொட்டு, ‘மோட்டார் நிறுத்தியாச்சு.’ கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்து, ‘தாழ் போட்டாச்சு.’ சத்தமாக, கூப்பிட்டுச் சொல்கிற குரலில். சத்தமாகச் சொன்னது காதில் விழுந்து நினைவில் தங்கிவிடுகிறது. பஸ்ஸில் சந்தேகம் வரும்போது ‘மூடியாச்சு’ என்ற தன் குரல் திரும்பக் கேட்கும்.

ஜப்பானிய ரயில்வேயில் இதுவே விதி. ஓட்டுநர் சிக்னலை விரலால் சுட்டி, அது என்ன காட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்வார். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் ஓர் எளிய வேலையை வைத்துச் சோதித்தபோது, நூற்றுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. நம் ரயில் என்ஜினிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லித்தான் கடக்கிறார்கள். நாளைக் காலை அடுப்பு முன்னால் நீங்களும் விரலை நீட்டிச் சொல்லுங்கள். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரில் மூன்றாவது சுற்றிலேயே ‘முடியாது’ என்று உள்ளே குரல் வருகிறது. – ஓர் இளைஞர், தர்மபுரி

பதில்: தம்பி, அந்தக் குரல் எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்களே, பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைச் சைக்கிள் பயிற்சிக் கருவியில் இனி முடியாது என்கிறவரை மிதிக்கவைத்தார்கள். பாதிப் பேருக்கு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தோதான நான்கைந்து வாசகங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகக் கொடுத்தார்கள். மறுமுறை அவர்கள் தாங்கிய நேரம் 18 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. கால் அதே கால்தான்.

இதில் இரண்டு விஷயம். வாசகம் உங்களுடையதாக இருக்க வேண்டும். யாரோ மேடையில் முழங்கியதைக் கடன் வாங்காதீர்கள். உங்கள் ஊர்ப் பேச்சில் ‘விடாத, விடாத’ என்று வருமென்றால் அதுவே போதும். இரண்டாவது, பயிற்சி நாளிலேயே பழக வேண்டும். முதல் சுற்றில் ‘மெதுவா, மெதுவா’, இரண்டாவதில் ‘தோளைத் தளர்த்து, மூச்சை விடு’, மூன்றாவதில், குரல் வருகிற அதே வளைவில், ‘தெரியும், இங்கதான் வருவே. அந்தக் கம்பம் வரைக்கும் போவோம்.’ கிரேக்க ஆய்வாளர்கள் 2011இல் பல விளையாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறி பார்த்தல், பந்து எறிதல் போன்ற நுணுக்க வேலைகளுக்கு உற்சாகச் சொல்லைவிட ‘முழங்கையை நேராக வை’ போன்ற செய்முறைச் சொல்லே அதிகம் உதவியது தெரிந்தது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை. கல்யாண வீட்டில் ‘கூடாது, கூடாது’ என்று மனசுக்குள் ஜபித்தும் கை ஜாங்கிரிக்குப் போகிறது. – ஓய்வுபெற்றவர், கும்பகோணம்

பதில்: ‘சாப்பிடக் கூடாது’ என்றால் யாரோ தடுக்கிறார்கள் என்று அர்த்தம். தடுத்தால் மீறத் தோன்றும். ‘சாப்பிடுவதில்லை’ என்று மாற்றுங்கள், அது உங்கள் வழக்கம் ஆகிவிடும். வனேசா பேட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் 2012இல் நடத்திய ஆய்வில், ‘சாப்பிடுவதில்லை’ என்று சொல்லப் பழகியவர்களில் 64 சதவீதம் பேர் சாக்லேட்டை விட்டுச் சத்தான பண்டத்தை எடுத்தார்கள். ‘சாப்பிடக் கூடாது’ என்றவர்களில் 39 சதவீதம்தான். பந்தியிலும் பாருங்கள். ‘டாக்டர் கூடாதுன்னுட்டார்’ என்றால் ‘ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது மாமா’ என்று இலையில் வைத்துவிடுவார்கள். ‘நான் இனிப்பு சாப்பிடறதில்லை’ என்றால் கரண்டி அடுத்த இலைக்கு நகர்ந்துவிடும்.

கேள்வி: கலெக்டர் ஆகிவிட்டதாகத் தினமும் கற்பனை செய்கிறேன். சுகமாக இருக்கிறது. படிப்புதான் ஓடவில்லை. – போட்டித் தேர்வர், சென்னை

பதில்: சுகம்தான் சிக்கல். கேப்ரியேல் எட்டிங்கன் ஜெர்மனியில் வேலை தேடும் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். இனிமையான கற்பனையில் அதிகம் மிதந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கற்பனையை முழுக்க விட வேண்டாம். அதன் பக்கத்திலேயே ‘இன்று என்னைத் தடுக்கப்போவது எது?’ என்று கேட்டு, வருகிற பதிலுக்கு ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன ‘ஆல்’ போடுங்கள்.

கேள்வி: நேர்காணலுக்கு முன்னால் ‘பதறாதே, பதறாதே’ என்று சொல்லச் சொல்லப் பதற்றம் ஏறுகிறது. – பட்டதாரிப் பெண், திருச்சி

பதில்: படபடக்கிற நெஞ்சை ஒரே நொடியில் அமைதியாக்க முடியாதம்மா. ஆனால் அதன் பெயரை மாற்றலாம். ‘பயமா இருக்கு’ என்பதை ‘ஆவலா இருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திருவிழாவில் ராட்டினம் ஏறும்போதும் இதே படபடப்புதான். ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு மூன்றிலும் சோதித்தார். இப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள்.

கேள்வி: ‘நாளையிலிருந்து பார்த்துக்கலாம்’ என்று மனசு சொல்கிறது. என்ன பதில் சொல்வது? – தையல் கலைஞர், கரூர்

பதில்: ‘சரி, நாளைக்கே தைப்போம். இன்னிக்கு ஊசியில நூல் மட்டும் கோத்து வை.’

கேள்வி: எனக்கு 68 வயது. அவர் போய் ஐந்து மாதம். ஒருத்திக்காக அடுப்பு பற்றவைக்க மனமில்லை. ‘எழுந்திருடி’ என்று அதட்டிக்கொள்கிறேன். கேட்கவில்லை. – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஐந்து மாதம் ரொம்பக் குறைவு. இத்தனை வருடம் இரண்டு பேருக்கு அளந்த கைக்கு ஓர் ஆளுக்கு அரிசி அளக்கத் தெரியாது, அதன்மேல் கோபம் வேண்டாம்.

அதட்டலை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் இதே நிலையில் ஓர் அக்கா இருந்தால் ‘எழுந்திருடி’ என்றா கூப்பிடுவீர்கள்? ‘வாக்கா, ஒரு காபி போட்டுக் குடிப்போம்’ என்பீர்கள். அந்தக் குரலில் உங்களைக் கூப்பிடுங்கள். சமையல் முழுவதையும் சொல்லாதீர்கள், அடுத்த ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். ‘பால் பாத்திரத்தை எடு.’ எடுத்த பிறகு, ‘அடுப்பைப் பத்த வை.’ ரசம் வரைக்கும் இன்று போகாவிட்டால் காபியோடு நிற்கட்டும்.

வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால், இருந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தனக்குத்தானே பேசுவது மட்டும் போதாது. உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். டாக்டரையும் பாருங்கள்.

காபி போட்ட அன்று எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள். டிகாஷன் திக்காக இறங்கியதா என்று தெரிய வேண்டும்.